இரு காசுக் காணிக்கை

எருசலேம் தேவாலயத்திலே பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என யூதரின் பழைய நூல் கூறும். அவை ஊதுகொம்பின் வடிவின. வாய் குறுகி அடி அகன்றிருந்தமையால் உள்ளே கையை விட்டுக் காசெடுத்தல் எவர்க்கும் எளிதன்று. விறகுக்கென ஒன்று, சாம்பிராணிக்கென ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் குறிக்கப்பட்டிருந்தது. தாள் நாணயம் இல்லாத காலம் அது. வெள்ளிக் காசுகளை அள்ளிச் சொரிந்தவரின் கொடையை அதன் ஓசையே ஊரறியச் செய்திருக்கும்.

அப்பெட்டிகளுக்கு எதிரே இயேசு பெருமான் அமர்ந்து, வருவோரையும் போவோரையும் நோக்கிக்கொண்டிருந்தார் என மாற்கு தமது சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகின்றார். செல்வர் பலர் மிகுதியாக இட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி வந்து இரண்டு காசை இட்டாள். லெப்டன் எனப்படும் அக்காசு யூதேயாவில் வழங்கிய நாணயங்களுள் மிகச் சிறியது. இரண்டு சேர்ந்தால் உரோமரின் ஒரு குவாட்ரான்ஸ். கூலியாள் ஒருவனின் ஒரு நாட் சம்பளமாகிய தெனாரியத்துக்கு 64 குவாட்ரான்ஸ் வேண்டும். எனவே அவள் இட்டது ஒரு நாட் கூலியில் 64இல் ஒரு பங்கு. அதுவே அவளது சீவனம் முழுவதும் ஆகும். மற்றையோர் தமது நிறைவிலிருந்து தந்தனர். இவளோ தனது குறைவிலிருந்து தந்தாள், ஆதலின் எல்லாரினும் மிகுதியாகத் தந்தவள் இவளே எனப் பெருமான் சீடரை அழைத்துச் சொன்னார்.

சைவராகிய நாம் இவ்வரலாற்றைப் படிக்கும்போது பூசலார் நாயனாரை நினையாதிருத்தல் இயலாது. வேதாகமத்தைச் சைவர் கையிலெடுத்தல் நம் நாட்டில் புதிதும் அன்று. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து அதனைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர் அல்லரோ? அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

கொடையை அளப்பதற்குப் பெருமான் காட்டிய கோல், கொடுத்தபின் கையில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதே. இக்கோலை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு பானையில் இட்டுவைக்கும் வழக்கம் சைவர் வீட்டிலும் இருந்தது, கிறிஸ்தவர் வீட்டிலும் இருந்தது. அந்தப் பிடி எவருடைய பெயரையும் தாங்கிச் சென்றதில்லை. இன்றோ, கோயிலுக்குக் குழல் விளக்கு ஒன்றை உபகரித்தவர் தம் பெயரை அதன்மீதே எழுதுவித்து, வெளிச்சத்திற் பாதியைத் தாமே எடுத்துக்கொள்கின்றார்!

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கல்லூரியொன்றில் நிவாரண நிதி திரட்டப்பட்டது. காலைக் கூட்டத்திலே கொடுத்தோர் பட்டியலைப் பெருந்தொகை முதலாக வாசித்தனர். இடியப்பம் விற்கும் தாயொருத்தியின் மகன் பத்து ரூபா கொடுத்திருந்தான். அவன் பெயர் ஈற்றில் வந்தது; பின்வரிசையிற் சிலர் நகைத்தனர். அவ்வீட்டில் அன்று தேநீருக்குச் சீனி வாங்கப்படவில்லை என்பது பட்டியலை வாசித்தவருக்குத் தெரியாது. இறங்குவரிசையில் எண்களை அடுக்குதல் கணக்கியலில் ஓர் ஒழுங்கு. பிள்ளைகள் நிற்கும் முற்றத்தில் அது கொடுமை.

இவ்வளவில் நின்றுவிடின், ஏழைகள் உள்ளதெல்லாம் கொடுத்தல் வேண்டும் என்று போதிப்பதற்கு இப்பகுதி எளிதாகப் பயன்பட்டுவிடும்; பயன்பட்டும் இருக்கின்றது. இதே வரலாற்றை லூக்கா எழுதிய பகுதியை நோக்குக. 21ஆம் அதிகாரம் இக்கைம்பெண்ணோடு தொடங்குகின்றது. அதிகாரப் பிரிவுகளோ மூல ஆசிரியர் இட்டவை அல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்துப் பிறர் இட்டவை. அக்கோட்டை அழித்துவிட்டு முந்திய வசனத்தைப் படித்தால், நீண்ட அங்கிகளை உடுத்து, சந்தையிலே வணக்கங்களை விரும்பி, பார்வைக்கு நீண்ட செபஞ் செய்து, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்மேல் பெருமானின் கடுங்கண்டனம் நிற்கின்றது. அதன் அடுத்த காட்சியே கைம்பெண் ஒருத்தி தன் கடைசிக் காசை அவர்களுடைய ஆலயத்தில் இடுவது! அதற்கடுத்து, ஆலயத்தின் அழகிய கற்களைச் சிலர் வியக்க, ஒரு கல்லின்மேல் மறுகல் இராது இடிக்கப்படும் என்று அவர் விடை பகர்கின்றார். கி.பி. 70இல் உரோமப் படை அதனை இடித்தது.

மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு, பெருமானின் சொல்லிலே புகழ்ச்சியோடு துயரமும் கலந்திருப்பது புலனாகும். அவளது அன்பு உயர்ந்தது. அவளை வெறுங்கையளாய் வீட்டுக்கு அனுப்பிய ஏற்பாடு உயர்ந்ததன்று. இஃது என் கருத்து, மாறுபடுவோரும் உளர். ஆயினும் மாற்கு 7ஆம் அதிகாரம் எனக்குத் துணை நிற்கின்றது. பெற்றோரைப் பேணுதற்குரிய பொருளைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்கு நேர்ந்தது, எனச் சொல்லித் தாய் தந்தையரைக் கைவிடுதலை அங்கே அவர் கடிந்துரைக்கின்றார். பசித்த வீட்டிலிருந்து வரும் காணிக்கையைத் தேவன் பெயரால் வாங்குவோர் இரண்டு பகுதிகளையும் ஒருங்கே படித்தல் நன்று. தட்டை ஏந்துபவர், கொடுப்பவரின் கையை மட்டுமன்றி அவர் அடுப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். கோயிற் சபைக்கும் இது பொருந்தும், பழைய மாணவர் சங்கத்துக்கும் பொருந்தும்.

அக்கைம்பெண் அன்றிரவு என்ன உண்டாள் என்பதைச் சுவிசேஷம் எழுதியவர் எவரும் சொல்லவில்லை. ஆயினும் லூக்காவே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்திலே, அதே எருசலேமில், நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாக முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர் பன்னிருவரும் அதனை மறைக்கவில்லை. முறையிட்டோரைக் கடியவும் இல்லை. சபையார் அனைவரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பந்தி விசாரணையை அவர்களிடம் ஒப்படைத்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே.