கூடு இரண்டு, குடியிருப்பவன் ஒருவன்

ஓருயிர் ஈருடலிற் குடியிருக்குமாயின், அவ்விரண்டனுள் எதனை ‘நான்’ என்பது? இவ்வினா இன்று தோன்றியதன்று. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துத் திருமூலர் வரலாறே இதற்குச் சான்று. சாத்தனூர் இடையனாகிய மூலன் இறந்துபட, அவன் மேய்த்த பசுக்கள் கதறின. அதுகண்டு இரங்கிய யோகியார் ஒருவர், தம் உடலை ஓரிடத்துச் சேமித்துவைத்து, அவனுடலிற் புகுந்தார். மாலையிற் பசுக்கள் மனை சேர்ந்தன. மூலன் மனைவி கணவனென்றே அணுகினாள். யோகியாரோ, தமக்கும் அவளுக்கும் உறவொன்றும் இல்லையென மொழிந்து விலகினார்.

மேனாட்டறிஞர் ஜான் லாக் என்பாரும், 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், அரசகுமாரன் ஒருவனது உள்ளம் செருப்புத் தைப்போன் உடலிற் புகுந்தால் அவன் யாவன் என வினவினார். காண்போர்க்கு அவன் செருப்புத் தைப்போனே. ஆயினும் அவன் விடைசொல்லக் கடமைப்பட்டது அரசகுமாரன் செய்த செயல்களுக்கே என்பது அவர் முடிபு.

நிற்க. கதையாயிருந்தது இன்று காட்சியாயிற்று. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நிகழ்ந்தது. பெருந்தொற்றுக் காலமாதலின், வரவேற்பினை மெய்ந்நிகர் உலகில் அமைத்தனர். விருந்தினர் தத்தம் இல்லத்திருந்தவாறே கணினி வழியாக உருவம் பூண்டு, ஹாரி பாட்டர் கதையில் வருவதொத்த கோட்டையொன்றிற் கூடினர். அவ்வுருவங்களை ‘அவதார்’ என்பர். நம் நாட்டு அவதாரம் என்னும் சொல்லே கடல்கடந்து மீண்டது. முந்திய ஆண்டு காலமான மணமகளின் தந்தையாரும் ஆங்கு உருவமாய்த் தோன்றினார்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. மணமகள் உருவத்துள் மணமகள் இருந்தாள். தந்தையார் உருவத்துள் தந்தையார் இலர். நிழற்படம்போல் அது மகளுக்கு ஆறுதலாகலாம். அதனைப் பழித்தல் தகாது. ஆயினும், நாளை அத்தகைய உருவின் வாயில் ஒருவர் ஒரு சொல்லை வைப்பாராயின், அச்சொல்லுக்குரியவர் வைத்தவரேயன்றி மாண்டவரல்லர்.

உடல் வேறாயின் ஆளும் வேறே என வாதிப்பாரும் உளர். எமதூராகிய வாடிப்பட்டியில் ஓரிளைஞன், இரவிற் புனைந்த உருவொன்றுட் புகுந்து, அயலான் ஒருவனை இழித்துரைத்தான் என்று கொள்வோம். ‘அது நானன்று, என் உருவம்’ என்பது விடையாகுமோ? உருவம் புனைவே, அயலான் நெஞ்சு பட்ட புண்ணோ மெய். மறுநாட் காலை கடைத்தெருவில் அவன் எதிர்ப்படுங்கால் குனியவேண்டிய தலை இவ்விளைஞனுடையதே. ஆகலின், எத்தனை உடல் பூணினும், அவற்றின் செயலுக்கு விடைசொல்லும் ஒருவனே ‘நான்’ என்பது எம் கருத்து.

மாணவ நண்பர்காள்! மூலன் உடலிலிருந்த யோகியார், தம்மைக் கணவனென எண்ணிய அப்பெண்ணின் மயக்கத்தைத் தமக்குப் பயனாக்கிக் கொண்டாரல்லர், உள்ளதை உரைத்தார். வேற்றுருப் பூணும் நாமும், நம்மை நோக்கி ‘நீ யார்?’ என்று கேட்பார்க்கு அவ்வளவேனும் கடமைப்பட்டுள்ளோம்.