கைபேசிவழிக் கேலிக்குப் பாடசாலையும் பொறுப்பு



2020-இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் பதுளைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் பல பிள்ளைகள் கையில் கைபேசி வந்தது. பாடம் அனுப்பிய அதே வாட்ஸ்அப்பில் இன்று கேலியும் வருகிறது. பசறை, லுணுகலை தோட்டங்களிலிருந்து டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் பேச்சு, உடுப்பு, அம்மா கொழுந்து பறிப்பது எல்லாமே சிரிப்புக்கு இடமாகிறது. படத்தை வெட்டி ஒட்டிப் பரப்புகிறார்கள். முன்பு கேலி பஸ் ஏறியதும் முடிந்தது. இப்போது இரவிலும் தொடர்கிறது.

முறையிட்டால், “வெளியே நடந்தது” என்று அதிபர் ஒதுங்கக்கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் காலையில் வைத்தால் எங்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்; ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அதை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் தமிழில் எழுத ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் உத்தரவிட வேண்டும். பெற்றோரே, வந்த செய்தியை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. கைபேசியையும் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது.

ஒரு தாய்,
பசறை.