உவரிக்கு வீடு மாறுறீங்களா? லாரியை விட முக்கியம் அந்த ஒரு காகிதம்

சென்னை வேளச்சேரியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, 'வொர்க் ஃப்ரம் ஹோம்' தைரியத்தில் சொந்த ஊரான உவரிக்கே திரும்ப நினைக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஒரு பைக். முதல் வேலை? போனை எடுத்து 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று தேடுவதுதான். நம்பரைக் கொடுத்த அடுத்த நிமிடத்தில் இருந்து போன் அடிக்க ஆரம்பிக்கும். யார் ரேட் குறைவோ அவருக்கு அட்வான்ஸ் போய்விடும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தேடலில் மேலே வருபவர் நல்லவர் என்பதால் மேலே வரவில்லை, காசு கட்டியதால் வருகிறார். இது சும்மா சொல்வதல்ல, நீதிமன்றம் வரை போன விஷயம். 'அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்ற வணிகமுத்திரைக்கு உரிமை கோரும் டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம், தங்கள் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரத்தைக் காட்டுவதாக கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது. 2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இன்னொருவரின் முத்திரையை விளம்பரத்துக்கான தேடுசொல்லாக வைப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் அதனால் மக்கள் குழம்பினால், 'நாங்கள் வெறும் மேடைதான்' என்று கூகுள் ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம். கோர்ட்டு வரை போகும் அளவுக்குப் பெயர்க் குழப்பம் உள்ள தொழில் இது. பெயரைப் பார்த்து மட்டும் பீரோவை ஏற்றிவிடுவது சரியா?

அப்போ எதைப் பார்ப்பது?

காகிதத்தை. 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி இப்படிச் சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். என்னென்ன பொருள், என்ன மதிப்பு என்று நாம் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். அவர் ரசீது தர வேண்டும். லாரி ஆபீஸ்களில் 'எல்.ஆர்.' என்கிறார்களே, அதுதான்.

பலருக்குத் தெரியாதது இதன் விதிகளில் இருக்கிறது. பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு, நாம் தரும் லாரி வாடகையைப் போல 10 மடங்கு வரைதான். அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. கணக்குப் போடுங்கள்: வாடகை 25,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 2.5 லட்சம். "மதிப்பைக் கம்மியா போடுங்க சார், இன்சூரன்ஸ் குறையும்" என்று சொன்னதைக் கேட்டு 50,000 என்று எழுதியிருந்தால், 50,000தான். கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பாதுகாப்பு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதையும் எழுத்தில்தான் வாங்க வேண்டும்.

ஆக, "பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டுவது, சில ஆயிரங்களுக்காக மொத்த வீட்டையும் பணயம் வைப்பது மாதிரி. ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் பெயரும் பதிவான தேதியும் வந்துவிடும். '25 வருட அனுபவம்' என்ற போர்டுக்குப் பின்னால் போன மாதம் பதிவான எண் இருந்தால், அட்வான்ஸ் போடும் முன் யோசிக்கலாம். இன்சூரன்ஸ் என்று தனியே பணம் கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசியோ சான்றிதழோ வர வேண்டும். மூவர்ஸ் லெட்டர்பேடில் எழுதித் தருவது இன்சூரன்ஸ் ஆகாது.

இந்தப் பதிவு எண்ணையெல்லாம் வீடு மாறும் அவசரத்தில் இருப்பவரே துருவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அநியாயம். விளம்பரத்திலேயே பதிவு எண் இல்லாத நிறுவனத்துக்கு இடம் தர மாட்டோம் என்று தேடல் தளங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அரசு சொல்ல வைக்க வேண்டும்.

'திருநெல்வேலி' என்று எழுதாதீர்கள்

ஒப்பந்தத்தில் 'சென்னை – திருநெல்வேலி' என்று மட்டும் இருந்தால், சட்டப்படி லாரி நெல்லையில் நின்றாலும் கேட்க முடியாது. அங்கிருந்து உவரி இன்னும் சுமார் 70 கி.மீ. நான்கைந்து வீட்டுச் சாமான்களைச் சேர்த்து ஏற்றும் லாரி என்றால் நெல்லையிலோ வள்ளியூரிலோ இறக்கி, குட்டி யானையில் மாற்றி ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் உடைய ஒரு வாய்ப்பு. "அந்த வண்டிக்கு நீங்கதான் தரணும்" என்ற பேச்சும் அங்கேதான் வரும். எனவே 'உவரி, இன்ன தெரு, வீட்டுக்குள் இறக்கித் தர' என்று முழுதாக எழுதுங்கள். கடலை ஒட்டிய தெருவில் பெரிய லாரி திரும்புமா என்பதை ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும்.

நாளும் முக்கியம். அந்தோணியார் கோயில் திருவிழாவின்போதும் செவ்வாய்க்கிழமைகளிலும் ஊரில் கூட்டம். வடகிழக்குப் பருவமழையும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாலைகள் அறுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆடியில் வீடு மாறப் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் இல்லாதவர்களுக்குப் பேரம் பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது.

தென்மாவட்டச் சரக்கைச் சென்னையில் இறக்கிவிட்டுத் திரும்பும் தெரிந்த லாரியைப் பிடிப்பது பெரும்பாலும் மலிவு. இடையில் மாற்றி ஏற்றும் தொல்லையும் இல்லை. உவரி மாதிரி ஊருக்கு இதுவே நல்ல வழி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 'நம்ம ஊர்ப் பையன்தானே' என்று பட்டியலும் ரசீதும் இல்லாமல் ஏற்றினால், நாளைக்கு உறவும் கெடும். பைக்கை மட்டும் பிரித்து ரயில் பார்சலில் அனுப்பலாம். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு போக வேண்டும்.

வழியில் "இ-வே பில் பிரச்னை, பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால் பதற வேண்டாம். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை.

சாமான் வந்ததும் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்திருந்தால் டெலிவரி நகலிலேயே எழுதி, போட்டோ எடுங்கள். சரக்கைப் பதிவு செய்த நாளில் இருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் அனுப்பாவிட்டால் வழக்கே போட முடியாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், கம்பெனி குருகிராமில் இருந்தாலும், உவரியில் குடியிருப்பவர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.