பழைய நொக்கியாவின் ஆயுள் யார் கையில்?

என்னுடைய அன்றாடக் கைத்தொலைபேசி நொக்கியா என்8. இதை அறிந்தவுடன் இளம் ஊடகவியலாளர்கள் சிலர் அனுதாபத்தோடும் சிலர் வேடிக்கையோடும் பார்ப்பதுண்டு. காசு இல்லாமல்தான் இப்படி இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, புதியது ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என ரொறன்ரோவிலிருந்து தமக்கையின் மகன் ஆண்டுதோறும் கேட்கிறார். ஆண்டுதோறும் நன்றி கூறி மறுத்துவருகிறேன். அவருக்கும், அவரைப்போல் வினவும் ஏனைய அன்பர்களுக்கும் விளக்கமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தக் கருவி 2010 ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. நான் வாங்கியது 2011 இல். அலுமினிய உடல், மூன்றரை அங்குலத் தொடுதிரை, 12 மெகாபிக்சல் கமரா, கார்ல் சைஸ் வில்லை. அக்காலத்துச் சிறிய டிஜிற்றல் கமராக்கள் பலவற்றில் இருந்ததைவிடப் பெரிய ஒளியுணரியை இதற்குள் வைத்திருந்தார்கள். அதனால்தான் முதுகில் அந்தப் புடைப்பு. இப்போதைய விலையுயர்ந்த கைத்தொலைபேசிகளின் முதுகெல்லாம் புடைத்திருப்பதைக் காணும்போது எனக்குச் சிறு திருப்தி. இதனைக்கொண்டே 'ஒலிவ்' என்ற முழுநீளத் திரைப்படம் ஒன்றை 2011 இல் அமெரிக்காவில் எடுத்தார்கள் என்பது இன்று பலருக்கு நினைவிராது.

என் வேலைக்கு வேண்டியவை மூன்று. அழைப்பு, குறுஞ்செய்தி, படம். மூன்றையும் இது செய்கிறது. பழைய ஜி.எஸ்.எம். வலையமைப்பு இங்கே இன்னும் உயிரோடு இருப்பதால் குரல் தெளிவாகவே கேட்கிறது. இணையத்தை நான் இதில் தொடுவதில்லையாகையால் 1200 மில்லியம்பியர் பற்றரி இரண்டு நாள் தாக்குப்பிடிக்கிறது. வானொலியும் உண்டு, செவிக்கம்பியைச் செருகினாற் போதும்.

படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பக்கவாட்டில் படமெடுப்பதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. பாதி அழுத்தினால் குவியம், முழுதாக அழுத்தினால் படம். பழைய பிலிம் கமராவில் பழகிய விரலுக்கு இந்த இரண்டு படி அழுத்தம் எவ்வளவு இயல்பானது என்பது கண்ணாடித் திரையில் தட்டித் தட்டிப் படமெடுப்பவர்களுக்கு விளங்காது. மின்வெட்டொளியோ செனன் குழல். இன்றைய கைத்தொலைபேசிகளில் இருப்பது எல்.ஈ.டி. விளக்கு. அது ஒரு சிறு டோர்ச். செனனோ ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பெருவெளிச்சத்தைக் கொட்டி அணைந்துவிடும். ஆதலால் அசையும் ஆளும் கலங்காமல் அப்படியே உறைந்து பதிவாவார். நல்லூர்த் திருவிழாவின் இரவுகளில் காவடி ஆடுபவரின் முகத்தை வியர்வைத் துளியோடு இதனால் எடுத்திருக்கிறேன். பத்திரிகையில் நான்கு பத்தி அகலத்துக்கு அப்படம் தாங்கியது.

ஆனால் நான் இதைக் கைவிடாததற்கு முக்கிய காரணம் படத்தின் அழகன்று. படத்தின் நேர்மை.

இன்றைய கைத்தொலைபேசி ஒரு படத்தை எடுப்பதில்லை. பொத்தானைத் தொடும் கணத்திற்குள் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழலை வெளிச்சமாக்கி, வானத்தை நீலமாக்கி, தோலை மெழுகி, தான் சரியென்று கருதுவதை நம் கையில் தருகிறது. குடும்பப் படத்துக்கு இது வசதிதான், குறைகூற ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் நிலவைப் பற்றி எழுந்த சர்ச்சை அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படம் ஒன்றைக் கணினித் திரையில் காட்டி, சாம்சங் கைத்தொலைபேசியால் அதை ஒருவர் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத குழிகளும் மேடுகளும் அப்படத்தில் தோன்றின. நிலவை அடையாளம் கண்டு அதன் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மேம்படுத்துவதாக அந்நிறுவனமே பின்னர் விளக்கமளித்தது. நிலவில் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. காணாமற்போன மகனின் படத்தை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாயின் முகத்திலும், எரிந்த வீட்டின் சுவரிலும், சடலத்தின் காயத்திலும் கருவி தன் ஊகத்தைக் கலக்குமானால் அதைச் செய்தி என்று எப்படி அச்சிடுவது?

2014 ஜனவரியில் அசோசியேற்றட் பிரஸ் நிறுவனம், புலிற்சர் பரிசு பெற்ற நார்சிசோ கொன்ரேராஸ் என்ற படப்பிடிப்பாளருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. சிரியப் போர்க்களப் படமொன்றின் மூலையில் தெரிந்த சக செய்தியாளரின் கமராவை அவர் அழித்திருந்தார், அதுவே குற்றம். ஒரு மனிதர் கையால் செய்தால் வேலை போகும் ஒன்றை, ஒரு கருவி தானாகவே செய்யும்போது அதற்குப் புதுமை என்று பெயர் வைத்து விற்கிறார்கள். எந்த டிஜிற்றல் கமராவும் ஒளியை ஓரளவு திருத்தியே தருகிறது என்பதை அறிவேன். என் நொக்கியாவும் அதற்கு விலக்கன்று. ஆயினும் இருளை இருளாகவும் கலங்கலைக் கலங்கலாகவும் விட்டுவைக்கும் அடக்கம் அதற்கு உண்டு. இலங்கையின் போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் மாதத்தில், கைத்தொலைபேசியில் பதிவானதாகக் கூறப்பட்ட கொடிய காட்சிகளைப் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியபோது, அது உண்மையா போலியா என்ற வாதமே மாதக்கணக்கில் நடந்தது நம் அனைவருக்கும் தெரியும். அன்றைய எளிய கருவிகளின் பதிவுக்கே அந்தப் பாடு. இனிமேல் ஒரு கைத்தொலைபேசிப் படத்தைச் சாட்சியமாக முன்வைப்பவர் என்ன பாடு படுவார்?

சரி, குறைகளையும் சொல்லவேண்டும். மறைத்துப் புகழ்வது விளம்பரக்காரரின் தொழில்.

நான் இதை வாங்கிய ஆண்டிலேயே இதற்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. 2011 பெப்ரவரியில் நொக்கியா, தன் சிம்பியன் இயங்குதளத்தைப் படிப்படியாகக் கைவிட்டு மைக்ரோசொவ்ற்றின் வின்டோஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. என்8 கடைகளுக்கு வந்து அரையாண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2014 இல் கைத்தொலைபேசித் தொழிலே மைக்ரோசொவ்ற்றுக்குக் கைமாறிற்று. அவ்வாண்டு தொடக்கத்தோடு சிம்பியன் செயலிகளுக்குப் புதிய பதிப்புகளை ஏற்பதும் நின்றது. 2017 ஜூன் 30 உடன் வட்ஸ்அப் சிம்பியனுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. மற்றொரு பக்கத்தில் இணையத்தளங்கள் பாதுகாப்பான புதிய குறியாக்க முறைகளுக்கு மாறியதால் இதிலுள்ள உலாவி பெரும்பாலான வாசல்களில் திருப்பி அனுப்பப்படுகிறது. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்ற எதையும் இதில் வைத்திருப்பது மதியீனம். வைப்பதும் இல்லை.

தமிழுக்கும் இதற்கும் உள்ள உறவு ஒரு தனிக்கதை. அக்காலத்தில் நம்மில் பலர் பாமினியில் தட்டெழுதி யுனிக்கோட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கைத்தொலைபேசியில் தமிழ்த் தளமொன்றைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து ஒரு தெரிவை மாற்றினால், அவர்களுடைய வழங்கியே எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும் என்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது ஒரு காலம். குறுஞ்செய்தியின் அநீதியோ இன்றும் தொடர்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 இடங்கள் மட்டுமே. அந்த எழுபதிலும் நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது ஈரிடத்தைத் தின்றுவிடும். 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறெழுத்து; தொலைத்தொடர்புக்கு அது பதினொன்று. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்துக்கு இளைஞரைக் கடிந்துகொள்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். செய்தி நீண்டால் கட்டணமும் இரட்டித்தது.

வட்ஸ்அப் இல்லாத வாழ்க்கை எப்படி என்று கேட்கிறார்கள். மரணச் செய்திகள் தாமதமாக வருகின்றன. முன்பெல்லாம் தொலைபேசியில் அழைத்துச் சொன்னவர்கள் இப்போது குழுவில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். என் மனைவியின் கைத்தொலைபேசி புதியது. முக்கியமானவை அதற்கு வந்து, அவர் வாய்வழியாக எனக்கு வந்துசேரும். காலை வணக்கப் பூக்களும், எந்தப் பேராசிரியர் சொன்னார் என்று தெரியாத மருத்துவக் குறிப்புகளும் அவரளவிலேயே நின்றுவிடுவது மேலதிக வரவு.

வட்ஸ்அப் இல்லாததை ஒரு கிழவனின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாம். பொது நிறுவனங்களும் சேவைகளும் எல்லோர் கையிலும் புதிய கைத்தொலைபேசி இருப்பதாக எடுத்துக்கொள்வதை அப்படி ஒதுக்க முடியாது. அண்மையில் ஓர் அலுவலகத்தில் படிவம் கேட்டேன். "ஐயா, செயலியைத் தரவிறக்குங்கள்" என்றார் அங்கிருந்த இளைஞர். என் கருவியைக் காட்டினேன். "அப்படியென்றால் பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில், அல்லது பிள்ளைகளே இல்லை, அல்லது இருந்த பிள்ளையை இழந்துவிட்டேன் என்று சொல்லவேண்டிய நிலையில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை முதியவர்கள்! 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது, அதைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு தாள் பலரைக் காப்பாற்றியது. டொலர் பஞ்சத்தில் நாடு தத்தளித்த வேளையில்கூட அப்படியொரு காகித வழியைத் திறந்துவைக்க முடிந்திருக்கிறது.

புலம்பெயர்ந்த அன்பர்கள் நிலையும் வேறன்று. ஜேர்மனியில் 3ஜி வலையமைப்புகள் 2021 இல் மூடப்பட்டன. அமெரிக்காவில் 2022 இல். அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28 ஆம் திகதி கடைசி இரு பெரு வலையமைப்புகளும் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. அங்கே 2ஜி அதற்கு முன்பே போய்விட்டது. ஆகவே சிட்னியில் என் நொக்கியா ஒரு கமரா மட்டுமே. இதைவிட முக்கியமானது, அவசர அழைப்பை 3ஜி வழியாக மட்டுமே எடுக்கக்கூடிய சில 4ஜி கைத்தொலைபேசிகளும் அங்கே வலையமைப்பிலிருந்து தடுக்கப்பட்டன என்பது. உடையாத, பழுதடையாத, நேற்றுவரை வேலைசெய்த கருவிகள் ஒரு திகதியோடு செத்தன. அலைவரிசை அரிய வளம், அதைப் புதிய சேவைக்கு விடுவிக்கவேண்டும் என்ற நியாயத்தை மறுக்கவில்லை. அந்த நியாயத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பொருளின் ஆயுளைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அச்சுத்தாள் கிடைக்காதபோது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளின் மேலேயே, பத்திரிகை வெளிவந்தது. அந்தத் தலைமுறைக்கு 'பழையது' என்ற சொல்லின் பொருள் வேறு. பழுதுபார்க்க முடியாதது எதுவோ அதுவே பழையது. அதே தலைமுறையினர் இன்று ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பித்து, நல்ல கருவியை இழுப்பறையில் போடுகிறார்கள். கேட்டால் ஊருக்கு அனுப்ப வைத்திருக்கிறோம் என்பார்கள். இழுப்பறையில் கிடந்தே அதுவும் செத்துப்போகும்.

2022 இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எஞ்சியதன் ஒரு பங்கு ஏழை நாடுகளின் குப்பைமேட்டில் சிறுவர்களின் கையால் எரிக்கப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சற்று விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளுக்கு, விற்பனை நின்றபின்னும் ஐந்தாண்டுகள் மென்பொருட் புதுப்பிப்பும் ஏழாண்டுகள் உதிரிப்பாகமும் கிடைக்கவேண்டும் என்று விதி வந்துள்ளது. 2027 பெப்ரவரியிலிருந்து சிறு கருவிகளின் பற்றரிகளைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. விலக்குகள் சில உண்டு. கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்தரக் கருவிகளுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் உறுதியளித்தன. இவற்றையெல்லாம் வரவேற்கிறேன். எனினும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்குபவருக்கு இவ்விதிகளின் நிழல் எவ்வளவு தூரம் எட்டும்? நம் அரசியல்வாதிகள் தேர்தல் மேடையில் டிஜிற்றல் இலங்கை பேசுகிறார்கள். உதிரிப்பாகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

என்8 இன் பற்றரியைப் பின்மூடியைத் திறந்து எடுக்க முடியாது. அடிப்பக்கத்தில் இரண்டு சிறு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் பற்றரி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். யாழ். நகரில் ஒரு சந்துக்குள் சிறு கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஐந்து நிமிடத்தில் அதைச் செய்து தருகிறார். மூன்றாவது தடவையாக மாற்றியபோது இன்னும் இரண்டு பற்றரிகள் கைவசம் இருப்பதாகச் சொன்னார். இரண்டையும் எனக்கென்று எடுத்துவைக்கும்படி சொல்லி முற்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.