குபேரன் வட்டி

பரிசு பெற்ற நூலோடு நமக்குச் சண்டை இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளிலிருந்து தொகுத்த ஒரு புத்தகத்துக்குப் பரிசு கிடைப்பது நல்ல விஷயம்தான். தேர்வுக் குழுவினர் அதன் ‘பிழையற்ற நடை’யைப் பாராட்டியிருப்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அதையொட்டி இன்னொரு இதழில் வந்த கட்டுரை. பிள்ளைகள் எழுதுவதில் வேடிக்கை இருக்கலாம், எழுத்து இல்லையாம். எல்லாம் தற்செயலாம். எழுதிய பிள்ளைக்கே தான் என்ன எழுதினோம் என்று தெரியாதாம். வாத்தியார் ரசிப்பது தன் ரசனையைத்தானாம்.

நூலாசிரியன் இறந்துவிட்டான் என்று பல வருஷங்களாக நம் எல்லோருக்கும் கருமாதிப் பத்திரிகை அனுப்பிக்கொண்டிருந்தவர்தான் இதை எழுதியிருக்கிறார். பிரதியைப் பார், எழுதியவனைத் தேடாதே என்று நமக்கு வகுப்பெடுத்தவர். நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் மட்டும் ‘உன் நோக்கம் என்ன?’ என்று விசாரணைக் கமிஷன் வைக்கிறார்.

சித்தூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் தன் வகுப்பு நோட்டுகளை அவ்வப்போது நம்மிடம் காட்டுவார். திருமலையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். சாமி தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், உண்டியலில் நாம் போடுவதெல்லாம் அந்தக் கடனுக்கு வட்டி என்று பாட்டி சொன்ன கதையை ஒரு பெண் ஒழுங்காக எழுதியிருந்தாள். கடைசி வரியில், வட்டியே இவ்ளோன்னா சாமி அசலை எப்ப கட்டுவாரு என்று கேட்டு முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, வேறு பேனாவில் பொடி எழுத்தில் இன்னொன்று: எங்க அப்பாவும் இப்டிதான்.

நண்பர் நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நோட்டில் எதையும் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வேறு பேனாவைத்தான் கட்டுரையாளர் முன் வைக்க விரும்புகிறோம். தற்செயல் என்பது பக்கத்து பெஞ்சில் பேனா கடன் வாங்கிக்கொண்டு திரும்பி வராது.

இந்த வழக்கு 1862லேயே தீர்ந்துபோனது. யாஸ்னயா போல்யானாவில் பண்ணைக் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்திருந்த தல்ஸ்தோய், அந்த ஊர்ப் பெயரிலேயே நடத்திய சிறுபத்திரிகையில், எழுத்தை யாரிடமிருந்து யார் கற்க வேண்டும், குடியானவப் பிள்ளைகள் நம்மிடமிருந்தா, நாம் அவர்களிடமிருந்தா என்று ஒரு கட்டுரை எழுதினார். (அந்த இதழும் நீடிக்கவில்லை. நமக்கு ஆறுதல்.) ஒரு பழமொழியை வைத்து அவரும் பையன்களும் சேர்ந்து கதை எழுதுகிறார்கள். அதில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் பெண்கள் போடும் ரோமக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவதாக ஃபேத்கா என்ற பையன் சொல்கிறான். ஏன் பெண்கள் கோட்டு, ஆண் கோட்டு என்று போடக் கூடாதா என்று தல்ஸ்தோய் கேட்கிறார். வேண்டாம், பெண்கள் கோட்டுதான் நல்லது என்கிறான் அவன். யோசித்துப் பார்த்தால், குளிர்கால ராத்திரியில் அவசரமாகக் கிளம்புகிறவன் கைக்கு எது அகப்பட்டதோ அதைத்தானே மாட்டிக்கொள்வான்? அந்த ஒரு கோட்டில் ஒரு வீடே தெரிகிறது. பையனிடம் இருந்தது கலைஞனின் பிரக்ஞையுள்ள ஆற்றல், அதைக் கெதேயே எட்ட முடியாது என்று எழுதினார் தல்ஸ்தோய். மிகைதான். ஆனாலும் ‘பிரக்ஞை’ என்பதைக் கட்டுரையாளர் அடிக்கோடிட்டுக்கொள்ளட்டும்.

அந்தக் கையெழுத்துப் பிரதி என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் வெடி செய்து விளையாடிய பையன்கள் கையில் சிக்கி அடுப்பில் போய்விட்டது. தல்ஸ்தோய் துக்கம் காத்தார். ஃபேத்காவும் கூட எழுதிய சேம்கா என்ற பையனும் அவர் வீட்டிலேயே ராத்தங்கி அதைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் தொலைந்த கதையை மறுபடி எழுத உட்காருவார்கள்? பாதிப் பேர் தொலைத்தவன்மேல் கட்டுரை எழுதுவார்கள்.

சரி, ஒரு பேச்சுக்குத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தானியங்கி எழுத்துக்கு ஒரு காலத்தில் சிறப்பிதழ் போட்டவர்கள்தானே நாம்? சர்ரியலிஸ்ட் பிரெத்தோன் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் இயக்கம். பெங்களூரா மாங்காய் விளையும் தோட்டத்துப் பையன், எங்க மாம்பழம் எப்படி இருக்கும்னு தெரியாது, காயாவே ஃபேக்டரிக்குப் போயிடும் என்று எழுதினால் துணுக்கு.

உண்மையான எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே மண்ணில், பழைய சித்தூர் ஜில்லாவாக இருந்த மதனப்பள்ளிப் பக்கம், ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் ஏணியும் அட்டையுமாக ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறும். வாத்தியார் கூடவே தரையில் உட்காருவார். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போய், பிறகு செயல்வழிக் கற்றல் என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது அதுதான். ஏணியை எடுத்துப் போனவர்கள் அட்டைகளை எண்ணினார்கள், பதிவேடு நிரப்பினார்கள். நோட்டைப் படித்துவிட்டுச் சிரிக்க எந்தச் சுற்றறிக்கையும் நேரம் ஒதுக்கவில்லை. மேல்வகுப்புக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ‘நான் விரும்பும் தலைவர்’ முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு நோட்ஸில் தயாராக இருக்கிறது. அறுபது பேரும் ஒரே தலைவரை ஒரே வரியில் விரும்புகிறார்கள். ‘பிழையற்ற நடை’ வருவது அங்கிருந்துதான். 1993ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தெலுங்குச் சிறுகதையாளர் மதுராந்தகம் ராஜாராம் இதே சித்தூர் ஜில்லாவில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். தெலுங்குக்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் வாத்தியார் என்றால் விமர்சகருக்கு ஏளனம். வகுப்பறையைக் கைகழுவிவிட்டு வந்தால்தான் நவீனத்துவத்தில் அட்மிஷன்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்கள் பிள்ளைகளுக்கு. எழுத்துப் பிழை, தெலுங்குக் கலப்பு, கோட்டுக்கு வெளியே எழுதியது எல்லாம் உள்ளபடியே வரும். ஆசிரிய நண்பர்கள் நோட்டுப் பக்கத்தின் நகலை அனுப்பினால் போதும், அப்பா அம்மா திருத்திய சுத்தப் பிரதி வேண்டாம். சிவப்பு மையில் திருத்தியிருந்தால் அதையும் சேர்த்தே அச்சிடுவோம். நம் இதழ் கறுப்பு வெள்ளை என்பதால் யார் எழுதியது, யார் திருத்தியது என்று வாசகர்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.