அலகில்லாத செய்தி



உங்கள் தாத்தா பாட்டியிடம் தண்டோராவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் கிராமங்களில் கண்மாய் மடை திறப்பதையும், தீர்வை கட்ட வேண்டிய கடைசி நாளையும் ஒருவர் பறையடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிப் போவார். அந்தப் பணி சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. 2022-இல் தமிழக அரசு அவ்வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட நிர்வாகங்களுக்கு அறிவுறுத்தியது. அது ஒழிய வேண்டிய வழக்கமே. ஆனால் அந்த அறிவிப்பில் இருந்த ஒரு நல்ல ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும். சொல்லச் சொன்னவர் யார், எந்த ஊருக்கு, எந்த நாளில் என்பவை தவறாமல் அதில் இருக்கும்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்டோரா இருக்கிறது. கைபேசியில் ஒரு குழுவுக்குச் செய்தி அனுப்புவது அதுதானே! ஆனால் அந்தப் பழைய ஒழுங்கு நம்மிடம் இருக்கிறதா?

என் தவறு ஒன்றையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. 'கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உடனே அதை எங்கள் தெருக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இருபது நிமிடங்களுக்குப் பிறகுதான் அது முந்தைய ஆண்டில், வேறொரு மாவட்டத்துக்கு வந்த அறிவிப்பு என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு மறு செய்தி அனுப்பினேன். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் தாயார் முதல் செய்தியைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்க்குமுன் கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். மறுநாள் அந்தப் பெண் ஒரு தேர்வைத் தவறவிட்டாள்.

விடைத்தாளில் 'வேகம் = 20' என்று அலகில்லாமல் எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர் நான். இருபது என்றால் மணிக்கு 20 கி.மீ.-ஆ, வினாடிக்கு 20 மீட்டரா? 'நாளை' என்ற சொல்லும் அப்படித்தான். எந்த நாளிலிருந்து நாளை? எந்த மாவட்டத்தில்? அலகில்லாத அந்தச் செய்தியை நான் திருத்தாமல் அனுப்பினேன்.

செய்தி எப்படிப் போகிறது?

முதலில் குறுஞ்செய்தி, அதாவது எஸ்.எம்.எஸ்., எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி நேராக உங்கள் நண்பனின் கைபேசிக்குப் போவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகிறது. நண்பனின் கைபேசி அணைந்திருந்தாலோ, அவன் கோபுர அலை எட்டாத கருவேலங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாலோ, செய்தி அங்கேயே காத்திருக்கும். தொடர்பு கிடைத்தபின் போய்ச் சேரும். ஆகவே எழுதிய நேரமும் படிக்கும் நேரமும் ஒன்றல்ல. 'இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் லாரி வரும்' என்ற செய்தியை லாரி வந்து போனபின் ஒருவர் படித்துவிட்டுக் குடத்துடன் காத்திருக்கக்கூடும். 'டிசம்பர் 14, சனி, காலை 7 மணி, கீழத்தெருத் தொட்டி' என்று எழுதினால் எப்போது படித்தாலும் பொருள் மாறாது.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்தைக் கைபேசி ஒன்றுக்கு அனுப்பினார். ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதும்போது பொதுவாக ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் தேவைப்படுகிறது. 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70 குறியீடுகள்தாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'காரியாபட்டி' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கைபேசிக்கோ அது 11 குறியீடு. 'கா' என்பதில் 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ட்' என்பதில் 'ட' ஒன்று, புள்ளி ஒன்று. உங்கள் ஊர்ப் பெயரையும் இவ்வாறு எண்ணிப் பாருங்கள்.

செய்தி நீண்டால் கைபேசி அதைத் துண்டாக்கி அனுப்பும். துண்டுகளை மறுபடி வரிசையாகக் கோப்பதற்கான குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய்விடுவதால், தமிழில் ஒரு துண்டுக்கு 67 குறியீடுகளே மிஞ்சும். 140 குறியீடு கொண்ட செய்தியை உங்கள் வகுப்பில் 40 பேருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று துண்டு, மொத்தம் 120. பல கட்டணத் திட்டங்களில் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளே சேர்ந்திருக்கும். 33 பேருக்குச் செய்தி முழுதாகப் போகும். எஞ்சிய 7 பேருக்குத் தனிக் கட்டணம் ஆகும், அல்லது செய்தி போகாது. ஆறு குறியீடுகளைக் குறைத்து 134 ஆக்கினால் இரண்டு துண்டு போதும். 80-இல் வேலை முடிந்துவிடும். சுருங்கச் சொல்வது நல்ல பண்பு மட்டுமன்று, அதில் கணக்கும் இருக்கிறது.

கைபேசியின் குழுச்செய்தி அமைப்பிலும் இரு வழிகள் உண்டு. ஒன்றில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். பதில் உங்களுக்கு மட்டும் வரும். மற்றொன்றில் ஒருவர் சொல்லும் பதில் எல்லாருக்கும் போகும். அறிவிப்புக்கு முதல் வழியே ஏற்றது. 'சரி', 'சரி' என்று 39 பதில்கள் எல்லாருக்கும் வந்து குவிந்தால், அவற்றின் அடியில் அறிவிப்பு புதைந்துவிடும் அல்லவா?

'வாட்ஸ்அப் இருக்கும்போது குறுஞ்செய்தி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். காட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் பொத்தான் கைபேசிதான் இருக்கிறது என்றால், வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு இடமில்லை. குழுவில் யார் இல்லை என்று பார்ப்பதும் குழுவை நடத்துபவரின் கடமைதான்.

தொடர்வினை

இனி வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். கூடங்குளத்து அணு உலையில் ஒரு யுரேனியம் அணுக்கரு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்களில் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை சீராக இயங்கும். ஒன்றுக்கு மேற்பட்டால் வினை பெருகும். ஒன்றுக்குக் குறைந்தால் அணையும். இதற்குப் பெருக்குக் காரணி என்று பெயர். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழிகளைக் கொண்டு இதை ஆள்கிறார்கள்.

வதந்திக்கும் இதே கணக்குத்தான். 200 பேர் உள்ள குழுவில் ஒரு வதந்தி விழுகிறது. படிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் மட்டும் அதை 200 பேர் உள்ள வேறொரு குழுவுக்கு அனுப்புகிறார் என்போம். 200 பேர் 400 ஆவார்கள், பிறகு 800. காரணி 2. ஒருவரே இரு குழுக்களில் இருப்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பத்தாம் படியில் மட்டும் 2,04,800 பேர் அதைப் படித்திருப்பார்கள். நானூற்றுக்கு ஒருவர் மட்டும் அனுப்பினாலோ காரணி அரை. 200, 100, 50 என்று தேய்ந்து, மொத்தமே சுமார் 400 பேரோடு வதந்தி அணைந்துவிடும். 400 பேரில் நால்வர் அனுப்பினால் காட்டுத்தீ. ஒருவர் அனுப்பினால் நீர்த்த தீ. இடையில் இருப்பவர் மூன்றே பேர்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2012 ஆகஸ்டில் பரவிய வதந்திகளால் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளை 15 நாட்களுக்கு ஐந்து என்ற அளவில் கட்டுப்படுத்த நேர்ந்தது. 2018 மே மாதம் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாகத் தமிழகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது. அக்காலத்தில் இந்தியாவெங்கும் சுற்றிய படங்களில் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுக் குறும்படம். கடத்திய பையனைத் திருப்பி விட்டுச் செல்லும் அதன் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அதைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்கள், குழந்தைகள்மீது அக்கறை கொண்டவர்கள். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்றது. அதன்பின் அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. இவை கட்டுப்பாட்டுக் கழிகளே. ஆனால் கழியை வேறொருவர் செருக வேண்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

என் கருத்து

'மாணவர்களுக்குக் குழுவே வேண்டாம்' என்று என் நண்பர்களான ஆசிரியர்கள் சிலர் கூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது படகும் பாலும் மருந்தும் தேடித் தந்தவற்றில் இத்தகைய செய்திகளும் உண்டு. அதே வேளையில், மீட்கப்பட்டுவிட்டவர்களுக்கான உதவிக் கோரிக்கைகள் தேதியில்லாமல் மீண்டும் மீண்டும் சுற்றியதும் உண்மை. அவற்றை நம்பித் தொண்டர்கள் வீணாக அலைந்தார்கள். கருவியைப் பிடுங்குவதைவிட அலகிடக் கற்பிப்பதே ஆசிரியரின் வேலை.

ஆகவே, குழுவுக்கு அனுப்புமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஊர்? எந்தத் தேதி, எத்தனை மணி? முதலில் சொன்னவர் யார்? அவரிடமே சரிபார்க்க வழி உண்டா? ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அனுப்பாதீர்கள். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று எண்ணவும் வேண்டாம். நீங்கள் அழிப்பது உங்கள் குழுவில் உள்ள படியை மட்டும். அதிலிருந்து பிறர் முன்அனுப்பியவை அழியா. திருத்தம் அனுப்பினாலும், வதந்தி போன வீடுகள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேராது. என் தெருவிலேயே அது போகவில்லையே!

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வழியில் பார்த்தால் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறாள். எனக்குத்தான் இன்னும் கூச்சம் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் உங்கள் கைபேசியில் 'நாளை விடுமுறை' என்று ஒரு செய்தி வரும். விரல் துடிக்கும். அப்போது 400 பேரில் அனுப்பாமல் நிற்கும் அந்த மூவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்கலாம் அல்லவா?