அந்த உடுப்புகளைத் தோய்த்தது யார்?

பயணக் காணொளிகள் பார்க்கிற ஆட்கள் இந்த இடத்தை ஒருக்காவது கண்டிருப்பீங்கள். ஒரு பக்கம் செங்காவி நிறச் சுவர், இன்னொரு பக்கம் கடும் நீலம், நடுவில ஒடுங்கின கல் ஒழுங்கை, அங்கங்க பூச்சட்டிகள். பெரு நாட்டின் அரெக்கிப்பா நகரத்தில் இருக்கும் சாந்தா கத்தலீனா கன்னியர் மடம் அது. இப்ப அதின்ர பெரும்பகுதி அருங்காட்சியகம். ரிக்கெற் எடுத்து உள்ள போறவர்கள் சுவருக்கு முன்னால நிண்டு படம் எடுக்கிறார்கள். அதில பிழை ஒண்டுமில்லை, உண்மையிலேயே வடிவான இடம்தான். ஆனால் அங்கே போய் வருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை பாதியில் நிற்கிறது. அதுதான் எனக்குப் பிரச்சினை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஸ்பானியர்கள் அரெக்கிப்பா நகரத்தை 1540 இல் நிறுவினார்கள். மடம் 1579 இல் தொடங்கியது. பிள்ளைகள் இல்லாத பணக்கார விதவையான மரியா தே குஸ்மான் தன் சொத்துகளை அதற்குக் கொடுத்துவிட்டு, தானே அதன் முதல் தலைவியாகவும் ஆனார். பரப்பு 20,000 சதுர மீற்றருக்கும் மேல். சுற்றிவர உயரமான மதில், உள்ளே ஒரு குட்டி ஊர். கொர்தோபா, தொலேதோ, செவில்யா என்று ஸ்பானிய நகரங்களின் பெயரில் தெருக்கள். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பிரதேசம் அது. எல்லோரும் சேர்ந்து படுத்த மண்டபங்கள் இடிந்துபோக, வசதியான குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கு மடத்துக்குள்ளேயே தனித்தனி இருப்பிடம் கட்டிக் கொடுத்தன. 'அறை' என்று சொன்னாலும் பலவற்றுக்குச் சொந்தக் குசினி இருந்தது, வேலைக்காரிக்கும் இடம் இருந்தது.

உள்ளே போகச் சீதனமும் வேணும். ஓம், சீதனம்தான். கிறிஸ்துவின் மணவாட்டியாகப் போகிற பெண்ணுக்குக் குடும்பம் கொடுத்து அனுப்ப வேண்டிய காசு. 2,400 வெள்ளி நாணயங்கள் என்று சொல்லப்படுகிறது. அதோடு சிலை, ஓவியம், விளக்கு, உடுப்பு என்று கொண்டுவர வேண்டிய சாமான்களுக்கும் ஒரு பட்டியல். பெரிய இடத்துப் பிள்ளைகள் இங்கிலாந்துப் பீங்கானும் பட்டுத் திரைச்சீலையும் கொண்டு வந்தார்கள்.

இந்த மடத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சிக்கு இது சிறை. குடும்ப கௌரவத்துக்காக அடைக்கப்பட்ட பெண்கள், இரட்டைக் கிராதிக்குப் பின்னால் நின்று மட்டும் பெற்றோரோடு கதைக்க முடிந்த பெண்கள். இதில் நியாயம் உண்டு. அதே நகரத்தில் இருந்த இன்னொரு மடத்தில் இருந்து தொமிங்கா குத்தியேரஸ் என்ற பெண் 1831 இல் தப்பி ஓடினார். தன் படுக்கையில் ஒரு பிணத்தைக் கிடத்தி நெருப்பு வைத்து, தான் இறந்துவிட்டதாக நம்பவைத்துவிட்டே ஓடினார். வெளியே வர அவ்வளவு செய்ய வேண்டியிருந்தது.

மற்றக் கட்சிக்கு இது விடுதலை. இதிலும் நியாயம் உண்டு. 1602 இல் பிறந்த ஆனா தே லொஸ் ஆங்ஹெலஸை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கலியாணம் கட்டிவைக்கப் பெற்றோர் நினைத்தார்கள். அவர் அவர்களை எதிர்த்து மடத்துக்கே திரும்பினார், பிறகு அதன் தலைவியும் ஆனார். 1985 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அரெக்கிப்பாவுக்கே வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். பிரான்ஸில் பிறந்த பெண்ணியவாதி புளோரா திரிஸ்தான் 1834 இல், உள்நாட்டுப் போர் நேரம், சாந்தா கத்தலீனாவில் சில நாட்கள் தங்கினார். 1838 இல் வெளிவந்த தன் பயண நூலில், சிரிப்பும் கதையும் நல்ல சாப்பாடுமாக இருந்த பெண்களைத்தான் அவர் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்த கைதிகளாக அவர்கள் அவருக்குத் தெரியவில்லை.

சிறையா விடுதலையா என்று விடிய விடிய விவாதிக்கலாம். ஆனால் இரண்டு கட்சியும் சீதனம் கொண்டுவந்த பெண்களைப் பற்றித்தான் கதைக்கின்றன.

மடம் உச்சத்தில் இருந்தபோது உள்ளே ஏறத்தாழ 450 பேர் இருந்தார்களாம். அதில் கன்னியாஸ்திரிகள் மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச ஆட்களில் பெரும்பாலானோர் வேலைக்காரிகளும் அடிமைப் பெண்களும். அதாவது அந்த மதிலுக்குள் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான். அவர்களுக்கு அது சிறையா விடுதலையா? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மடத்தில் படம் எடுக்கப் பேர்போன ஓர் இடம், உடுப்புத் தோய்க்கும் முற்றம். பாதியாகப் பிளந்த பெரிய மண் சாடிகள் 20, நடுவில் ஓடும் தண்ணீர் வாய்க்கால். வாய்க்காலை மறித்தால் தண்ணீர் சாடிக்குள் திரும்பும். நல்ல கெட்டித்தனமான ஏற்பாடு. "எவ்வளவு அழகான பொறியியல்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதுக்குள்ள கை வைச்சுத் தோய்ச்சது ஆர்? மலைநாட்டுக் குளிரில், விடிய வெள்ளன, அந்தத் தண்ணிக்குள்ள? அறை வாசல்களில் அங்கே வாழ்ந்த கன்னியாஸ்திரியின் பெயர் இருக்கிறது. அதே குசினியில் சமைத்தவளின் பெயர் போட்ட வாசல் ஒன்றும் நான் பார்த்த எந்தக் காணொளியிலும் இல்லை.

இன்னொரு விசயமும் இருக்கு. சுற்றுலா எழுத்துகள் பலவற்றில் ஒரு வசனம் வரும்: 1871 இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அனுப்பிய ஹொசேபா கதேனா என்ற கண்டிப்பான கன்னியாஸ்திரி வந்து, ஆடம்பரத்தை ஒழித்து, வேலைக்காரிகளையும் அடிமைகளையும் விடுவித்தார். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பெருவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1854 இல், ரமோன் கஸ்தியாவின் ஆட்சியில். அப்போ 1871 இல் விடுவிக்க அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்? ஒன்றில் சட்டம் அந்த மதிலைத் தாண்டிப் போகவில்லை, அல்லது அந்த வசனம் யோசிக்காமல் எழுதப்பட்டது. எதுவாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார்கள். ஒரு தலைவியின் பட்டத்தில் திகதி பிழைத்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். வேலைக்காரிகளின் விடுதலைத் திகதி என்றபடியால்தான் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1958 இலும் 1960 இலும் வந்த நிலநடுக்கங்கள் மடத்தைப் பெரிதாகச் சேதப்படுத்தின. அதைத் திருத்திய பிறகு, 391 வருடங்கள் பூட்டியிருந்த கதவுகள் 1970 இல் பொதுமக்களுக்குத் திறந்தன. கட்டிடத்தைத் தொடர்ந்து காப்பாற்ற ரிக்கெற் காசு தேவைதான். ஒரு பகுதியில் இன்றும் கன்னியாஸ்திரிகள் வாழ்கிறார்கள், அவர்களின் வாழ்க்கைக்கும் மரியாதை இருக்கவேணும்.

நான் கேட்பது சின்ன விசயம். குசினிக்குள் கூட்டிக்கொண்டு போகும்போது பாத்திரத்தின் வயதை மட்டும் சொல்லாமல், அதைக் கழுவினவள் எந்த ஊர், எந்த இனம், எப்படி அங்கே வந்தாள் என்றும் சொல்லலாமே. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது பழகின கேள்வி: எழுதக்கூடியவர்களின் கதை மிஞ்சுகிறது, தோய்த்தவர்களின் கதை தண்ணியோட போயிடுது. கணக்குப் புத்தகம், சீதனப் பத்திரம், உயில் இவற்றின் ஓரங்களில்தான் அவர்களைத் தேட வேண்டும். கடினம்தான், ஆனால் உலகம் முழுக்க வரலாற்று ஆய்வாளர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அரெக்கிப்பாவுக்குப் போக எங்களில எத்தினை பேருக்கு வாய்க்குமோ. ஆனா எந்தப் பழைய மாளிகைக்கோ மடத்துக்கோ போனாலும், பலிபீடத்தையும் ஓவியத்தையும் பார்த்து முடிச்சாப் பிறகு குசினிப் பக்கமும் ஒருக்காப் போங்கோ. "இங்க தண்ணி அள்ளினது ஆர்?" எண்டு வழிகாட்டியிட்டக் கேளுங்கோ. நாலு பேர் கேட்டா, அஞ்சாவது ஆளுக்குச் சொல்ல அவர் எங்கயாவது தேடி வாசிச்சு வைச்சிருப்பார்.